யானைப்பாகன் மகனும் நம் வீட்டுப் பிள்ளையும்



ஊரை விட்டு வந்த நமக்குத் தாய்மொழி காதில் விழும் இடங்கள் சிலவே. கோயில், கல்யாண வீடு, வானொலி, சினிமா. இந்நான்கினுள் நம் பிள்ளைகள் பிறர் சொல்லாமலே விரும்பிச் செல்வது சினிமா ஒன்றுக்குத்தான். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் சிறுவன், தமிழில் எவ்வாறு கோபிப்பது, எவ்வாறு காதலிப்பது, எவ்வாறு நெஞ்சை நிமிர்த்தி நடப்பது என்பவற்றையெல்லாம் படக்கொட்டகையில் கற்றுக்கொள்கிறான். ஆண் என்றால் யார் என்பதையும் அங்கேயே கற்கிறான். ஆகவே அங்கு அவனுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று கேட்பது பெற்றோராகிய நமக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் மைசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் படம் ஒன்றின் மாலைக் காட்சிக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பமும் உடன் வந்திருந்தது. அவர்களுடைய மகன், பன்னிரண்டு வயதினன், நமக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்தான். படத்தின் நடுவே ஒரு நகைச்சுவைக் காட்சி. விடுதி அறையொன்றில் நகைச்சுவை நடிகர் உறங்குகிறார். முரடன் ஒருவன் உள்ளே நுழைந்து கதவைத் தாழிடுகிறான். விளக்கு அணைகிறது. மறுநாட் காலையில் நடிகர் கிழிந்த சட்டையும் கலைந்த தலையுமாய், விம்மி அழுதவண்ணம் வெளியே வருகிறார். கொட்டகை அதிரச் சிரித்தது. நாமும் சிரித்தோம், அதனை மறைப்பதற்கில்லை. பக்கத்திலிருந்த சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தலை வலிக்கிறதா தம்பி?" என்று கேட்டோம். "இல்லை மாமா" என்றான். அத்துடன் விட்டுவிட்டோம்.

அதே அறை, அதே தாழ்ப்பாள், அதே கிழிந்த ஆடை. வெளியே வருபவள் ஒரு பெண்ணாக இருந்திருப்பின் அக்கொட்டகையில் ஓர் ஊசி விழுந்தாலும் ஓசை கேட்டிருக்கும். ஆணுக்கு நேர்ந்தால் மட்டும் அது எவ்வாறு வேடிக்கையாயிற்று? இவ்வினா அன்றிரவே நம் மனத்தில் எழுந்ததெனச் சொல்லிக்கொண்டால் அது பொய்யாகும். பின்னர், வேறொரு காரணத்தால் எழுந்தது. அதனைக் கடைசியில் சொல்லுவோம்.

ஆணின் உடல் பிறர் காண்பதற்குரியதன்று என்பது நம் வாதமன்று. தசராவின்போது மைசூருக்கு வந்தவர்கள் மல்யுத்தம் பார்த்திருப்பார்கள். இந்நகரின் பழைய தெருக்களில் இன்றும் கரடிமனைகள் உள்ளன. கன்னடத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதுதான் பெயர். செம்மண் குழைத்த கோதாவில் இளைஞர்கள் புரளுவதைச் சிறுவர்கள் வாசற்படியில் நின்று பார்ப்பார்கள். விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில் ஜெட்டி மரபினர் வஜ்ரமுஷ்டிப் போர் புரிவர். மழித்த தலையுடன், விரல்களில் முள் பதித்த ஆயுதம் பூண்டு இருவர் மோதுவர். ஒருவர் தலையில் ஒரு துளி இரத்தம் கண்டவுடன் போர் நிறுத்தப்படும். ஆயிரம் கண்கள் அவ்வெற்று மேனிகளை நோக்குகின்றன. ஆயினும் அங்கு யாரும் போகப் பொருளாக ஆவதில்லை. ஏனெனில் அவ்வுடல் என்ன செய்யப் போகிறது என்பதையே மக்கள் பார்க்கிறார்கள். செயலுக்கும் ஆளுக்கும் உரிய பார்வை அது. செயலை நீக்கி, ஆளையும் நீக்கி, உடலை மட்டும் நிறுத்திக் காட்டுவது வேறு. இவ்வேற்றுமைக்கு மைசூர் மண்ணிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது.

கபினி ஆற்றங்கரையில் உள்ள காட்டூர் காராப்பூர். காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் கெட்டா நடைபெற்ற காக்கனகோட்டைக்கு அண்மையில் உள்ளது. அங்கே 1924 ஜனவரி 27 அன்று, மைசூர் மகாராஜாவின் யானைப்பாகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவன் சாபு. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவன். யானைக் கொட்டாரமே அவனுக்கு வீடும் பள்ளியும். 1930-களின் நடுவில் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி என்னும் அமெரிக்க இயக்குநர், கிப்ளிங்கின் யானைக் கதையொன்றைப் படமாக்க மைசூர் வந்தார். பாகனின் மகனாக நடிக்க ஒரு பையனைத் தேடியபோது அவர் குழுவினர் கண்ணில் பட்டவன் சாபு. மைசூர்க் காட்டிலும் பின்னர் இங்கிலாந்தின் ஸ்டூடியோவிலும் எடுக்கப்பட்ட அந்தப் படம், 'எலிபெண்ட் பாய்', 1937-இல் வெளிவந்தது. அதனை இயக்கிய ஃப்ளாஹர்ட்டியும் சோல்டன் கோர்டாவும் அவ்வாண்டு வெனிஸ் விழாவில் சிறந்த இயக்கத்திற்கான பரிசு பெற்றனர்.

அப்படத்தில் குறை காண நமக்கு மனமில்லை. பையன் யானைமேல் ஏறுவதும், அதனுடன் ஆற்றில் இறங்குவதும், அதனிடம் பேசுவதும் அவன் பிறவித் தொழில். மல்லனைப் பார்ப்பது போலவே அவனையும் உலகம் பார்த்தது. அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தது.

பின்னர் நடந்ததுதான் கதை. சாபு இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டான். 1938-இல் ஒரு படம். 1940-இல் 'பாக்தாத் திருடன்'. போர்க் காரணத்தால் அப்படத்தின் வேலையை அமெரிக்காவில் முடிக்க வேண்டியதாயிற்று. சாபுவும் அங்கேயே தங்கினான். 1942-இல் 'ஜங்கிள் புக்' வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. இனி அவர் என்றே சொல்லுவோம். ஏனெனில் ஹாலிவுட் அவ்வாறு சொல்லத் தயாராக இருக்கவில்லை. அதன்பின் யூனிவர்சல் ஸ்டூடியோ அவரை 'அரேபிய இரவுகள்' முதலிய வண்ணப் படங்களில் நிறுத்தியது. அரேபியாவாயினும் சரி, பெயர் தெரியாத தீவாயினும் சரி, அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மேலாடையற்ற வேடங்களே. கதாநாயகியின் கை பிடிப்பவர் ஜான் ஹால் என்னும் வேறொரு நடிகர்; சாபு தோழன், ஏவலன், குறும்பன். மேனி முழுதும் திரையில் தெரிய வேண்டும், ஆனால் அம்மேனிக்குள் ஓர் ஆண்மகன் இருப்பதாகக் கதையில் தெரியலாகாது. இதனைவிடத் தெளிவாக ஓர் ஆணைப் போகப் பொருளாக்க முடியுமா என்பது ஐயமே. கிழக்கு நாட்டு மேனி என்பதால் அதனை யாரும் குறையாகச் சொல்லவுமில்லை.

1944-இல் அவர் அமெரிக்கக் குடிமகனாகி விமானப் படையில் சேர்ந்தார். குண்டு வீசும் விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். சிறந்த பறப்புக்கான சிலுவைப் பதக்கமும் பெற்றார். வானத்தில் உயிரைப் பணயம் வைத்துப் போர் செய்த அந்த ஆளுக்கு, திரும்பி வந்ததும் சினிமா என்ன கொடுத்தது? 1947-இல் 'பிளாக் நார்சிஸஸ்' படத்தில் இளஞ்சிற்றரசர் வேடம். பட்டும் மணியும் பூட்டி, வாசனை பூசி வருவார். படத்தின் பெயரே அவர் பூசிய வாசனைத் திரவியத்தின் பெயர்தான். மேனியை மூடினாலும் கண்காட்சிப் பொருளாகவே மூடினார்கள். பின்னர் மீண்டும் காடு, மீண்டும் புலி.

ஒருமுறை மட்டும் வேறு வாசல் திறக்க இருந்தது. மெஹ்பூப் கான் தமது 'மதர் இந்தியா'வில், அநீதி கண்டு கொதிக்கும் மகன் பிர்ஜுவாக நடிக்க சாபுவை எண்ணியிருந்தார். வேலை அனுமதி கிடைக்காமற் போகவே அவ்வேடம் சுனில் தத்துக்குச் சென்றது. 1957-இல் வெளிவந்த அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், சட்டையணிந்து கோபம் கொள்ளும் ஒரு சாபுவை நாம் மனத்தில் வரைந்து பார்ப்பதுண்டு. 1963 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவில் மாரடைப்பால் சாபு இறந்தார். அப்போது வயது முப்பத்தொன்பது. ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் உண்டு.

அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராதிருத்தல் முறையன்று. தமிழ்ப் படத்தின் ஆண் எப்படிப்பட்டவன்? அவன் மேனியில் வாள் பாயலாம், தோட்டா துளைக்கலாம். மானம் மட்டும் பறிபோகாது. மயக்க வரும் வில்லியை ஒரு புன்னகையால் தள்ளிவிடுவான். காயம் உடலுக்கே அன்றி, அவனுக்கு இல்லை. எம்.ஜி.ஆரின் 'அடிமைப் பெண்' (1969) இவ்வகையில் சற்றே விலகி நிற்பது நினைவுக்கு வருகிறது. அதில் நாயகன் கூண்டில் அடைபட்டு வளர்ந்து, கூனிய முதுகும் பேசத் தெரியாத வாயுமாக வருகிறான். அவனை நிமிர்த்துபவள் ஒரு பெண். மக்கள் திலகத்தைக் கூனனாகக் காண ரசிகர்கள் மறுக்கவில்லை. மறுப்பார்கள் என்று அஞ்சும் தயாரிப்பாளர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஆண் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாகக் காட்டிய படமே இல்லை என்றும் சொல்லுவதற்கில்லை. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978-இல் வெளிவந்தது. அதில் அநாதைச் சிறுவன் ஒருவன் அடைக்கலம் புகுந்த வீட்டில், அவ்வீட்டுப் பெண் அவனிடம் முறைதவறி நடக்க முயல்கிறாள். பெரியவர்கள் வந்ததும் பழியை அவன்மீதே சுமத்துகிறாள். அவன் அடித்துத் துரத்தப்படுகிறான். வலிமையான காட்சிதான். ஆனால் அச்சிறுவன் வளர்ந்து பெண்களைத் தேடிக் கொல்லும் கொலைகாரனாகிறான். அந்தக் காயத்துக்குக் கதையில் அது ஒன்றே பயன். கெடுதலுக்கு ஆளான ஆணுக்குத் தமிழ்ப் படம் நெடுங்காலம் இரண்டே வேடங்களை வைத்திருந்தது: ஒன்று கோமாளி, மற்றொன்று கொடியவன். அழுதுவிட்டு மறுநாள் பள்ளிக்குச் செல்லும் சாதாரணப் பிள்ளைக்கு வேடமில்லை.

வேடம் மட்டுமா இல்லை, சொல்லும் இல்லை. நம் செய்தித்தாள்கள் பல்லாண்டுக் காலம் 'கற்பழிப்பு' என்னும் சொல்லையே எழுதிவந்தன. அச்சொல்லில் குற்றம் செய்தவனைவிடப் பெண்ணின் கற்பே முன்னால் நிற்கிறது; ஆணுக்கோ அதில் இடமே கிடையாது. 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதத் தொடங்கியது அண்மைக் காலத்து நல்ல மாற்றம். எனினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தாயிடம் சொல்லக்கூடிய சொல்லா அது?

இனி வெற்று மேனிக்கு வருவோம். 2008-இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யா வயிற்றில் ஆறு கட்டு தெரிய நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அதன்பின் நாயகன் சட்டையைக் கழற்றுவது ஒரு சடங்காகிவிட்டது. அத்தகைய காட்சி எடுப்பதற்கு முன் நடிகர்கள் நீரையும் உப்பையும் குறைத்து, தோலை எலும்போடு ஒட்டச் செய்வது வழக்கம். கரடிமனை மல்லனோ பாலும் நெய்யும் உண்டு, தாகம் தீர நீர் பருகி, அடுத்தவனைத் தூக்கி எறிகிறான். படத்து மேனி ஒருவரையும் தூக்குவதற்கன்று. கேமராவின் முன் சில மணி நேரம் நிற்பதற்கு. இதனைக் கண்ட நம் தெருப் பையன்கள் மாவு டப்பாக்களை வாங்கிக் கரைத்துக் குடித்துவிட்டுக் கண்ணாடிமுன் நின்று தம்மையே வெறுத்துக்கொள்கிறார்கள். பெண்களை இத்தனை காலம் அவ்வாறு காட்டினார்களே, ஆண்களையும் காட்டட்டுமே என்று கூறும் நண்பர்கள் உண்டு. ஒரு வீட்டில் தீப்பிடித்ததற்கு நியாயமாக அடுத்த வீட்டுக்கும் தீ வைக்கச் சொல்லும் வாதம் அது.

நல்ல காலமாக வேறு வகைப் படமும் வந்திருக்கிறது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்தவர்கள் அந்தத் தந்தையை மறக்கமாட்டார்கள். பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர் அவர். மகன் பயிலும் கல்லூரிக்கு வந்தவரைச் சாதித் திமிர் கொண்ட இளைஞர்கள் இழிவுசெய்து, வேட்டியை உருவித் தெருவில் ஓடவிடுகிறார்கள். அவ்வேடத்தில் நடித்த தங்கராஜ் உண்மையிலேயே நெல்லை வட்டாரக் கலைஞர். வேட்டி உருவப்படுவது தமிழ்ப் படத்தில் எத்தனையோ முறை சிரிப்பு மூட்டப் பயன்பட்ட காட்சி. அதே காட்சியில் கேமரா அந்த முதியவரின் பக்கம் நின்றது. அவர் ஓடும்போது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆகவே சிரிப்பதும் சிரியாதிருப்பதும் ரசிகனின் பிறவிக் குணமன்று. படமெடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இந்தியில் ஓனிர் என்பவர் இயக்கிய 'ஐ ஆம்' என்னும் படம், சிறுவயதில் நெருங்கிய உறவினால் கெடுதலுக்கு ஆளான ஓர் ஆணின் கதையைத் தன் நான்கு கதைகளுள் ஒன்றாகச் சொன்னது. தேசிய விருதும் பெற்றது. அக்கதைக்கு ஆதாரமாயிருந்தவர்களுள் மும்பையைச் சேர்ந்த ஹரீஷ் ஐயரும் ஒருவர். 2012-இல் ஆமிர் கானின் 'சத்யமேவ ஜயதே' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தம் வாழ்க்கையை நாடறியச் சொன்னார். அந்த இருண்ட ஆண்டுகளில் தமக்குத் துணையாக இருந்தவை ஸ்ரீதேவியின் படங்கள் என்றார். அப்போது ஸ்ரீதேவியே அரங்குக்குள் நுழைந்தார். சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்த நடிகை, தாம் அறியாமலே ஒரு சிறுவனைக் காத்திருக்கிறார். சினிமாவின் மீது நாம் இத்தனை குறை சொன்னதற்குப் பின்னும் அதனைக் கைவிடாதிருப்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு காரணம்.

சிறுவனுக்கு அப்படியெல்லாம் நேருமா என்று கேட்போர் உண்டு. 2007-இல் மத்திய அரசின் மகளிர் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறியவர்கள் பாதிக்கு மேல், 53 விழுக்காடு. அவர்களுள் சரிபாதிக்குச் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளையை மாலை ஆறு மணிக்குமேல் வெளியே அனுப்பாத நாம், ஆண் பிள்ளையை எங்கே, யாரிடம் அனுப்பினோம் என்று கேட்டதுண்டா?

2012-இன் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் பொது. வயது வந்த ஆணின் நிலை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வன்புணர்வுப் பிரிவு பெண்ணுக்கு இழைக்கப்படும் குற்றத்தையே சொல்லுகிறது. ஆணுக்கு ஓரளவு புகலாயிருந்த பழைய 377-ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவும் அதில் இல்லை. சட்டம் எழுதுவோரும் நம்மைப் போலக் கொட்டகையில் அமர்ந்து வளர்ந்தவர்கள்தாமே.

அண்டை வீட்டுச் சிறுவனைப் பற்றிச் சொல்லுவதாகக் கூறினோம். படம் பார்த்த சில மாதங்களுக்குப் பின், தான் சென்றுகொண்டிருந்த தனி வகுப்புக்கு இனிப் போவதில்லை என்று பிடிவாதம் பிடித்தான். படிப்பில் சோம்பல் என்று தந்தை அடித்தார். இரண்டு வாரம் இந்தப் போராட்டம். ஓரிரவு சமையலறையில் தாயிடம், பாதி தமிழும் பாதி கன்னடமுமாகச் சொல்ல முயன்றிருக்கிறான். சொல் கிடைக்கவில்லை. கடைசியில், "அம்மா, அந்த சினிமாவுல அந்த ரூம்ல வந்துச்சே, அது மாதிரி" என்றான். அந்தக் காட்சி நினைவுக்கு வந்ததும் தாய்க்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு கணச் சிரிப்பைத் தம்மால் மன்னிக்க இயலவில்லை என்று அவ்வம்மையார் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அழுதபோது, அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. நாமும் அதே வரிசையில் அமர்ந்து சிரித்தவர்கள்.

"ஆம்பளைப் பிள்ளைதானே, வெளியே தெரிய வேண்டாம்" என்று ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் கூறினர். ஒரு நாள் முழுதும் அவ்வீட்டில் பேச்சில்லை. மறுநாள் தந்தை 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தார். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை என்பதும், வாக்குமூலம் வாங்குபவர் சீருடையின்றி வீட்டுக்கே வர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே எழுதியிருப்பதை அப்போதுதான் நாம் அறிந்தோம். மாலையில் ஒரு பெண் உதவி ஆய்வாளர் சாதாரணப் புடைவையில் வந்தார். உள்ளறையில் தாயின் பக்கத்தில் அமர்ந்த பிள்ளையிடம் கன்னடத்தில் கேட்டார். அவன் கன்னடத்திலேயே சொன்னான். வெளியே தந்தையுடன் நாம் காத்திருந்தோம், காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

அவர் சென்றபின் பிள்ளை வெளியே வந்து தந்தையின் அருகில் அமர்ந்தான். "அவங்க சிரிக்கவே இல்லைப்பா" என்றான்.